உடற்பருமனும் சுவாச வைரஸ் தொற்றும்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து

இன்ஃபுளுயன்சா, கொரோனா போன்ற வைரஸ்கள் நுரையீரலைத் தாக்கும்போது, உடற்பருமன் உள்ளவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பு அதிகம். இது மருத்துவத்தில் உறுதிப்பட்டு இன்னும் 20 ஆண்டுகூட ஆகவில்லை. 1918-ஆம் ஆண்டு இன்ஃபுளுயன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, மழை பொய்த்து மக்கள் பசியில் வாடினர். மெலிந்த உடலே கொள்ளைநோய்க்கு இரை என்ற எண்ணம் அதனால் வலுப்பெற்றது. 2009-இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோதுதான் படம் மாறியது. அமெரிக்காவின் மிஷிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 10 நோயாளிகளைப் பற்றிய அறிக்கை அவ்வாண்டு ஜூலையில் வெளிவந்தது. அவர்களில் 9 பேரின் உடல் நிறை எண் (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் அளவு) 30-க்குக் குறையவில்லை. 7 பேருக்கு அது 40 அல்லது அதற்கும் மேல். பத்துப் பேரை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது என்றாலும், பின்வந்த பெரிய ஆய்வுகள் அதே திசையையே காட்டின.

இதற்கான காரணம் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. வயிற்றில் சேர்ந்த கொழுப்பு உதரவிதானத்தை மேல்நோக்கி அழுத்துவதால் நுரையீரலின் அடிப்பகுதி முழுதாக விரிவதில்லை. படுத்தால் நெருக்கடி இன்னும் கூடுகிறது. கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கும் அல்ல. அது ஓயாமல் அழற்சிப் பொருட்களைச் சுரக்கிறது. வைரஸை முதலில் எதிர்க்க வேண்டிய இன்டர்ஃபெரான் தாமதித்து வர, பின்னால் எழும் அழற்சி கட்டுமீறுகிறது. நிகரகுவா நாட்டின் மனாகுவா நகரக் குடும்பங்களில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், அறிகுறி கண்ட பருமனான பெரியவர்களின் உடலிலிருந்து இன்ஃபுளுயன்சா ஏ வைரஸ் மற்றவர்களைவிட 42 சதவீதம் கூடுதல் காலம் வெளிப்பட்டது.

இந்த அறிவு பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் ஏன் தேவை? 2020 மே மாதம், சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியாக இவ்விரு மாவட்டங்களிலும் கொரோனா தொற்று திடீரெனப் பெருகியது. அவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லை, அல்லது லேசான காய்ச்சலோடு போயிற்று. மூட்டை தூக்கி உரமேறிய உடலை நோய் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கைக்கு இது வலுவூட்டக்கூடும். ஆனால் அவர்களில் பலர் இளைஞர்கள் என்பதை மறக்கக்கூடாது. மேலும், உழைக்கும் ஊரில் பருமன் இல்லை என்பதும் உண்மையன்று. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதத்தினருக்கு உடல் நிறை எண் 25 அல்லது அதற்கு மேல். முந்தைய கணக்கெடுப்பில் அது 30.9 சதவீதம். கிராமப் பெண்களிலும் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இந்தக் கணக்கில் வருகிறார். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பெரம்பலூரும், சிமெண்ட் ஆலைகள் நிறைந்த அரியலூரும் தங்களுக்கு இது பொருந்தாது என்று ஒதுங்க முடியாது.

எடையைவிடக் கொழுப்பு எங்கே தங்குகிறது என்பதே இங்கு முக்கியம். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் இங்கிலாந்தின் ஜான் யூட்கினும் 2004-இல் தங்கள் உடல்களையே ஒப்பிட்டுக் காட்டினர். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3, உடல் கொழுப்போ யாக்னிக்கிடம் 21.2 சதவீதம், யூட்கினிடம் 9.1 சதவீதம். பார்வைக்கு ஒல்லியான இந்தியரும் வயிற்றுக் கொழுப்பைச் சுமக்கலாம். இந்தியர்களுக்கு 23-இலேயே அதிக எடை, 25-இலேயே பருமன் என்று மருத்துவர்கள் வரம்பைத் தாழ்த்தியதற்கு இதுவே அடிப்படை. இங்கிலாந்தில் 69 லட்சம் பேரை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்விலும், கொரோனாவால் மருத்துவமனையில் சேரும் அபாயம் 23-ஐத் தாண்டியதுமே படிப்படியாக ஏறியது.

சர்க்கரை நோயே உண்மைக் காரணம், பருமன் அதன் நிழல் மட்டுமே என்று சிலர் வாதிடலாம். அந்த ஆய்வில் சர்க்கரை நோயைக் கணக்கில் சேர்த்துப் பார்த்த பிறகும் பருமனின் அபாயம் நீங்கவில்லை. 40 வயதுக்கு உட்பட்டோரிடம் அது இன்னும் கூர்மையாக இருந்தது. தீவிர சிகிச்சையில் பருமனானவர் சில சமயம் மற்றவர்களைவிட நன்றாகவே பிழைக்கிறாரே என்பது இன்னொரு மறுப்பு. பிரிவுக்குள் வந்து சேர்ந்தவர்களை மட்டும் ஒப்பிடும் கணக்கு அது. அங்கே வந்து சேரும் வாய்ப்பே பருமனானவர்களுக்குக் கூடுதல் என்பதை அது மறைத்துவிடுகிறது. மூன்றாவது மறுப்பு நியாயமானது: மெலிவும் ஆபத்தே. மேற்சொன்ன ஆய்விலேயே 23-க்குக் கீழே இறங்க இறங்கவும் அபாயம் உயர்ந்தது. பசியும் பருமனும் ஒரே ஊரில், ஒரே வீட்டில்கூட வாழலாம். ஒன்றைப் பேசுவது மற்றொன்றை மறப்பதாகாது.

பருமனை ஒருவரின் குற்றமாக்குவதால் பயனில்லை; மலிவான அரிசியும் எண்ணெயும் சர்க்கரையும் வயிற்றை நிரப்ப, பருப்பும் காய்கறியும் விலை ஏறி நிற்கும் சந்தையில் அது தனிமனிதத் தவறு மட்டுமல்ல. செய்யக்கூடியது எளிது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தம் பார்க்கும்போதே ஓர் அளவுநாடாவால் இடுப்பையும் அளக்கலாம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதே இந்தியர்களுக்கான எல்லை. அதைத் தாண்டியவர் காய்ச்சலோடும் இருமலோடும் வந்தால், இளையவர் என்று திருப்பி அனுப்பாமல் ஆக்சிஜன் அளவைப் பார்த்துக் கவனிக்க வேண்டும். அடுத்த கொள்ளைநோய் வருமுன் இவ்விரு மாவட்டங்களும் தொடங்க வேண்டிய முதல் வேலை இதுவே.