பூசலாரும் எங்கப்பாவும்

போன வருசம் அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சாங்க. அன்னிக்கே அம்மா திருநின்றவூருக்கு வேண்டிக்கிட்டாங்க. ஆபீஸ், ரிலீஸ்னு நான் இழுத்தடிச்சதுல, போன ஞாயித்துக்கிழமைதான் திருவேற்காட்டுல இருந்து கிளம்பினோம். பருத்திப்பட்டு, ஆவடி, பட்டாபிராம் தாண்டினா திருநின்றவூர்.

நாயன்மார் எங்க ஊர்லயும் உண்டு. மூர்க்க நாயனார். சூதாடி ஜெயிச்ச காசுல அடியார்களுக்குச் சோறு போட்டவர். (நம்ம ஏரியா ஆளுங்க!) திருநின்றவூர் பூசலாருக்கோ காசே தேறலை. மனசுக்குள்ளயே கோயில் கட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறிச்சார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ ராஜாவின் கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. சிவன் ராஜா கனவில் வந்து, 'நாளைக்கு நின்றவூருக்குப் போகணும், நீ தள்ளி வை'ன்னுட்டார். ராஜா தேடி வந்து பார்த்தா, ஊர்ல அப்படி ஒரு கோயிலே இல்லை!

இதை விரிவா எழுதினவர் குன்றத்தூர் சேக்கிழார், 12-ம் நூற்றாண்டு. ராஜா பேரை அவர் சொல்லலை. அது கைலாசநாதர் கோயில் கட்டின ராஜசிம்மன்னா, 8-ம் நூற்றாண்டுத் தொடக்கம். நடுவுல 400 வருசம். சுந்தரர் பூசலாரைப் பாடியிருக்கார், ஆனா கனவுக் கதை அதில் இல்லை. கட்டுக்கதைன்னே முடிவு பண்ணியிருந்தேன்.

அப்புறம்தான் கைலாசநாதர் கோயில் கல்வெட்டைப் படிச்சேன். விமானத்தைச் சுற்றி கிரந்த எழுத்தில் சமஸ்கிருதம். ஹுல்ட்ஷ் 1890-ல் பதிப்பிச்சது. கிருத யுகத்தில் துஷ்யந்தன் மாதிரி ராஜாக்கள் அசரீரி கேட்டாங்க, சரி. கலியுகத்தில் இந்த ராஜாவும் கேட்டானே, அதுதான் ஆச்சரியம்னு அதில் வருது. குரல் என்ன சொல்லிச்சுன்னு இல்லை, பூசலார் பேரும் இல்லை. பூசலார் கதைக்கு இதுவே சாட்சின்னு சிலர் சொல்றாங்க. நான் அவ்ளோ தூரம் போகமாட்டேன், அரசவைப் புலவர் ஐஸ் வச்சிருக்கலாம். ஆனா சேக்கிழார் முழுசா கற்பனை பண்ணினார்னும் இனிமே சொல்லமாட்டேன்.

இருதயாலீஸ்வரர் கோயில் சின்னதுதான். கருவறைக்குள்ளயே பூசலாரும் இருக்கார். இதய நோயாளிகள் நிறைய வர்றாங்க. அப்பா ரொம்ப நேரம் நின்னார்.

பிறகு ஏரி காத்த ராமர் கோயிலுக்குப் போயிட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். மழைக்காலம் முடிஞ்ச நேரம், கண்ணுக்கெட்டின வரை தண்ணி. கல்வெட்டு மேட்டரை அப்பாகிட்ட சொன்னேன். கேட்டுட்டு, "டேய், ஸ்டென்ட் வைக்கிறப்ப நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். உங்கம்மா வேண்டிக்கிட்டது அப்ப எனக்குத் தெரியாது. நானும் இங்க வர்றதாத்தான் வேண்டிக்கிட்டேன்"னார்.

அம்மா காதுல விழலை. முறுக்குப் பொட்டலத்தைப் பிரிச்சுக்கிட்டிருந்தாங்க.