மலையேறிய சிரிப்பு

‘கோமாளிகளின் கும்மாளம்’ நாடகம் கொழும்பில், இலங்கை வானொலியின் ஒலிவாங்கிக்கு முன்னால் பிறந்தது. எழுதியவர் எஸ். ராமதாஸ். அவரே மரிக்காராகி முஸ்லிம்களின் தமிழ் பேசினார். டி. ராஜகோபாலின் அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழில் இழுத்தார். எஸ். செல்வசேகரன் உபாலி என்ற சிங்களவராக வந்து, கொச்சைத் தமிழில் தடுமாறினார். பி. எச். அப்துல் ஹமீத் ஐயரானார். ஒருவர் சொல் மற்றவர் காதில் வேறாக விழும் இடத்தில் சிரிப்பு வெடித்தது.

அதே காலத்தில், 1973இல், வயதான மூன்று கூட்டாளிகளின் சேட்டைகளைப் பிரிட்டன் தொலைக்காட்சியில் பார்க்கத் தொடங்கியது. ராய் கிளார்க் எழுதிய ‘லாஸ்ட் ஆஃப் த சமர் வைன்’ 2010 வரை 295 அத்தியாயங்கள் ஓடியது. நம்மவர்களுக்குத் தொலைக்காட்சி இல்லை, குரல்தான் இருந்தது. குரலுக்குப் பாதை வேண்டாம். அட்டனைத் தாண்டி, நுவரெலியாப் பனியைத் தாண்டி, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயங்களுக்குள் அது நுழைந்தது. ஒரு காம்பராவில் ரேடியோ பாடினால் பக்கத்துக் காம்பராக்களுக்கும் கேட்கும்.

தோட்டத்து மக்களுக்கு அந்த நால்வரும் தெரிந்தவர்கள். டவுன் கடை முதலாளி, பள்ளிக்கூடத்து வாத்தியார், பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர், கோயில் ஐயர். ஆனால் அந்த நால்வரில் ஒருவர் வாயிலும் தோட்டத்துத் தமிழ் இல்லை. நாட்டிலும் அப்படித்தான்: 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. இந்தியாவுடன் செய்த 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை அங்கே அனுப்பக் கணக்கெழுதியது. 1974இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. தங்களைச் சேர்த்துக்கொள்ளாத நாட்டின் குரல்களைக் கேட்டு, வயிறு காய்ந்த மக்கள் மனம்விட்டுச் சிரித்தார்கள். அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் 1975இல் தோட்ட வாழ்வை ‘புதிய காற்று’ படமாக்கினார். அதை இயக்கிய எஸ். ராமநாதனே மறு ஆண்டு இந்த நால்வரையும் ‘கோமாளிகள்’ என்று திரைக்குக் கொண்டுவந்தார். குரலுக்கு முகம் கிடைத்தது.

பிறகு 1983 இனக்கலவரம் வந்தது. அந்த நால்வர் ஒன்றாகக் கூடிச் சிரித்த நாடு எரிந்தது. ஆனாலும் சிரிப்பு தன் தடத்தைப் பெயர்களில் விட்டுச் சென்றது. ராமதாஸ் நமக்கு ‘மரிக்கார்’ ராமதாஸ். செல்வசேகரன் ‘உபாலி’ செல்வசேகரன். இன்னோர் இனத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்து அழைக்கப்படுவதை விடப் பெரிய நட்பு எது?