எல்லைக்கல்லை நகர்த்துகிறவனுக்கு எதிரே நிற்பவர் யார்? எபிரேய ஞான இலக்கியத்தில் திக்கற்றோரின் காவலர்

சென்ற பருவத்தில் முதுகலை மாணவர்களோடு நடத்திய வாசிப்பு அமர்வு ஒன்றில், மாணவி ஒருவர் ஓர் ஐயத்தை எழுப்பினார். ஏழையின் பக்கம் நிற்கும் கடவுள் என்பது ஆமோசு, ஏசாயா, மீகா போன்ற தீர்க்கதரிசிகளுக்கு உரிய பொருள் அல்லவா? நீதிமொழிகளைத் தொகுத்தோர் அரண்மனையைச் சார்ந்து வாழ்ந்த எழுத்தர்கள். விதவையின் வயலைப் பற்றி அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும்? அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அதனை விரித்துச் சொல்லும் முயற்சியே இப்பதிவு. சற்று நீளமானது, பொறுத்தருள்க.

நீதிமொழிகள் 22:17 முதல் 23:11 வரையிலான பகுதியிலிருந்து தொடங்குகிறேன். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் 10474 என்னும் எண்ணில் ஒரு பாப்பிரசுச் சுருள் உள்ளது. அதனை 1888இல் எகிப்திலிருந்து பெற்று வந்தவர் வாலிஸ் பட்ஜ். முழுமையாக வெளியானது 1923இல். ‘அமெனெமோப்பேயின் அறிவுரை’ என்று அதற்குப் பெயர். மறு ஆண்டே, 1924இல், பெர்லினில் இருந்த எகிப்தியல் அறிஞர் அடால்ஃப் எர்மன், இச்சுருளுக்கும் நீதிமொழிகளின் மேற்கண்ட பகுதிக்கும் இடையே உள்ள ஒற்றுமைகளை எடுத்துக்காட்டினார். எகிப்திய நூல் 30 இயல்களைக் கொண்டது. நீதிமொழிகள் 22:20இல் உரையாசிரியர்களை நெடுங்காலம் அலைக்கழித்த ஒரு சொல் உண்டு. எழுதப்பட்ட வடிவத்தில் அது ‘முந்தாநாள்’. ஓரக்குறிப்பின்படி படித்தால் ‘படைத்தலைவர்’ அல்லது ‘மேன்மையானவை’. உயிர்க்குறிகளை மாற்றிப் படித்தால் ‘முப்பது’. எர்மன் காட்டிய அந்த முப்பதை இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கின்றனர்.

அமெனெமோப்பே யார் என்பதில்தான் சுவை இருக்கிறது. தானியக் கணக்கைக் கண்காணிக்கும் அதிகாரி அவர். வயல்களின் எல்லைகளில் அடையாளக் கற்களை நிறுவுவதும் தம் பணி என்று முன்னுரையிலேயே சொல்லிக்கொள்கிறார். நைல் பெருகி வடிந்தபின் எந்த வயல் யாருடையது என்று மறுபடி அளந்து தீர்மானிக்கும் நாட்டில், அளவு நூலைக் கையில் பிடித்திருப்பவன் நினைத்தால் ஒரு விதவையின் நிலத்தில் ஒரு முழத்தைக் கரைத்துவிட முடியும். ஆறாம் இயல் தன் மகனை எச்சரிப்பது இதனைக் குறித்தே. வயலின் எல்லைக்கல்லைப் பெயர்க்காதே, விதவையின் வரம்பை மீறாதே என்கிறது. மீறுகிறவனைப் பிடிக்கும் ஆற்றல் நிலவுக்கு உரியது, அதாவது கணக்கும் எழுத்தும் அறிந்த தோத் கடவுளுக்கு. தவறு செய்யும் வாய்ப்புள்ள எழுத்தனை எழுத்தர்களின் கடவுளே கண்காணிக்கிறார்.

இதே எச்சரிக்கை எபிரேயத்தில் 23:10–11இல் வருகிறது. பழைய எல்லையை நகர்த்தாதே, தகப்பனற்ற பிள்ளைகளின் வயல்களுக்குள் நுழையாதே என்று சொல்லி, அதற்குக் காரணமாக அவர்களுடைய ‘கோஏல்’ வலிமை மிக்கவன், அவர்களின் வழக்கை அவன் உனக்கு எதிராக நடத்துவான் என்கிறது. முதல் அடியில் ‘பழைய எல்லை’ என்பது ‘விதவையின் எல்லை’ என்றிருந்திருக்கலாம் என்பது அறிஞர் பலரின் ஊகம். எபிரேயத்தில் ‘ஓலாம்’ (பழமை), ‘அல்மானா’ (விதவை) ஆகிய இரண்டும் எழுத்தளவில் நெருங்கியவை. 22:28இலும் இதே அடி இருப்பதால் படியெடுத்தவரின் கண் அங்கே தாவியிருக்கலாம். ‘விதவையின் எல்லை’ என்னும் தொடர் 15:25இல் உண்மையாகவே உள்ளது. அங்கே அதனை நிலைநாட்டுபவர் யாவே. எகிப்திய இணையும் இந்த ஊகத்துக்குத் துணை நிற்கிறது. ஆயினும் கிரேக்க மொழிபெயர்ப்பு ‘பழைய எல்லை’ என்றே வைத்திருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. நான் ஊகத்தின் பக்கம் சாய்கிறேன். ஆனால் என் வாதம் அதன்மேல் நிற்கவில்லை.

என் வாதம் நிற்பது ‘கோஏல்’ என்னும் சொல்லின்மேல். தமிழ் வேதாகம மரபில் இச்சொல்லுக்கு ‘மீட்பர்’ என்பது பழகிப்போன பெயர்ப்பு. யோபு 19:25 வழியாகத் தமிழ்க் கிறித்தவர் அனைவரும் அறிந்தது. பிழையான பெயர்ப்பு அன்று. அடகு வைத்த நிலத்தையும் நகையையும் ‘மீட்பது’ என்று இன்றும் சொல்கிறோம். அந்தப் பொருளியல் வாசனை எபிரேயச் சொல்லிலும் உண்டு. தமிழில் விடுபட்டுப்போனது உறவு. கோஏல் என்பவன் முதலில் நெருங்கிய உறவினன். லேவியராகமம் 25இன்படி, வறுமையால் ஒருவன் விற்ற நிலத்தைத் திரும்ப வாங்கித் தர வேண்டியவன் அவன்; கடனால் அடிமையான உறவினனை விடுவிக்க வேண்டியவனும் அவனே. எண்ணாகமம் 35இல் சிந்திய இரத்தத்துக்குப் பழி கேட்பவனும் கோஏல்தான். அது உரிமையும் கடமையும் சேர்ந்த ஒரு குடும்பப் பதவி.

அப்படியானால் திக்கற்ற பிள்ளைக்கு என்ன குறை? அந்தப் பதவியில் அமர ஆள் இல்லை. அல்லது ஆள் இருக்கிறான், வருவதில்லை. ரூத்தின் கதையில் முதல் உரிமையுள்ள உறவினன் ஊர்வாசலில் எல்லோர் முன்னிலையிலும் கையை விரித்துவிடுகிறான். இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம்: ஒரு குலத்தின் வயல்கள் அடுத்தடுத்து இருக்கும் ஊரில் எல்லைக்கல்லை நகர்த்த எளிதான வாய்ப்பு யாருக்கு? பக்கத்து வயல்காரனுக்கு, அவன் பெரும்பாலும் சிற்றப்பனோ பெரியப்பனோ. காப்பாற்ற வேண்டியவனே கவர்ந்துகொள்ளும் இடத்தில்தான் நீதிமொழி இன்னொரு உறவினனைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. எகிப்திய நூலில் எழுத்தர்களின் நிலவுக் கடவுள் நின்ற இடத்தில், எபிரேயத்தில் குடும்பத்தான் ஒருவன் நிற்கிறான்.

அந்தக் குடும்பத்தான் யார் என்று 23:11 சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எபிரேய மூலத்தில் அங்கே கடவுளின் பெயர் இல்லை. கிரேக்கத்தில் ‘ஆண்டவர்’ என்னும் சொல் சேர்க்கப்பட்டிருக்கிறது. மொழிபெயர்த்தவர்களுக்கு ஐயமே எழக் கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும். ஆனால் மூலத்தின் மௌனம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆளில்லாத பிள்ளை என்று நினைத்து வயலுக்குள் கால் வைக்கிறவனிடம், ‘அவனுக்கு ஆள் இருக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெயரை விழுங்கிக்கொள்ளும் ஊர்ப் பெரியவரின் குரல் அது.

பெயர் சற்று முன்னால், 22:22–23இல், வெளிப்படையாக வந்துவிடுகிறது. எளியவனை எளியவன் என்பதாலேயே கொள்ளையிடாதே, ஊர்வாசலில் வறியவனை நசுக்காதே. அவர்கள் வழக்கை யாவே நடத்துவார் என்கிறது அப்பகுதி. ஊர்வாசல் என்றால் வழிப்போக்கர் நுழையும் வாயில் மட்டும் அன்று. தேல் தான் அகழாய்வில் நகர வாயிலை ஒட்டிக் கல்லிருக்கைகள் கிடைத்துள்ளன. மூப்பர் அமர்ந்து வழக்குத் தீர்த்த இடம் இத்தகையதே. ஆகவே இங்கே பேசப்படும் கொள்ளை இரவுத் திருட்டைச் சேர்ந்தது இல்லை. சாட்சிகளோடும் தீர்ப்போடும், சட்டத்தின் வழியாகவே நடக்கும் கொள்ளை. 22:23இன் பிற்பகுதியில், ஏழையைப் பறிப்பவனின் செயலுக்கும் அவனுடைய உயிரைக் கடவுள் பறிப்பதற்கும் ஒரே வினை கையாளப்பட்டிருக்கிறது: ‘காவா’. எபிரேய வேதாகமத்தில் இவ்வினை இவ்வசனத்திலும் மலாக்கி 3:8–9இலும் மட்டுமே வருகிறது. இத்தகைய அரிய, முரட்டுச் சொல்லைக் கடவுளுக்கு எழுவாய்ப் பொருத்தம் கொடுத்து எழுத ஓர் எழுத்தனுக்குத் துணிவு வேண்டும்.

இந்த இடம் மற்றொரு விவாதத்தையும் தொடுகிறது. கிளவுஸ் கோஹ் 1955இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஞான நூல்களில் வினையும் விளைவும் இயல்பாகவே பிணைந்தவை, கடவுள் அங்கே தண்டனை தரும் நீதிபதியாக இல்லாமல் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி போல விளைவைப் பிறப்பிக்க உதவுகிறார் என்று வாதிட்டார். விதைத்ததை அறுப்பதைப் பேசும் பல பழமொழிகளுக்கு இது பொருந்தும். எல்லைக்கல்லுக்குப் பொருந்தாது. விதவையின் நிலத்தை எடுத்தவன் இயல்பாகக் கெட்டுப்போவதில்லை, நல்ல விளைச்சலோடு வாழ்கிறான். அதனை அறிந்ததால்தான் ஆசிரியர் இயல்பின் போக்கை நம்பாமல் ஒரு வழக்காளியை வரவழைக்கிறார் என்று கருதுகிறேன்.

இப்போது அந்த மாணவியின் ஐயத்துக்கு வரலாம். விதவையையும் அநாதையையும் காப்பது என்பது இசுரவேலின் கண்டுபிடிப்பு இல்லை. 1962இல் ஃபென்ஷாம் இதனை விரிவாக எழுதிவிட்டார். ஊர்-நம்மு, அம்முராபி ஆகியோரின் சட்ட நூல்களில் அரசர் அதனைத் தம் பெருமையாகப் பறைசாற்றுகிறார். எகிப்தின் நாவன்மை மிக்க குடியானவன் கதையில் அதிகாரியை அநாதையின் தந்தை, விதவையின் கணவன் என்று அழைத்தே நியாயம் கேட்கிறார்கள். உகாரித்தில் கிர்த்தா மன்னனை அவன் மகனே குற்றம் சாட்டுவது, விதவையின் வழக்கை நீ தீர்க்கவில்லை என்பதற்காக. (இடையில் ஒரு சொற்குறிப்பு. அக்காதிய ‘அல்மத்து’ கணவனை இழந்த எல்லாப் பெண்களையும் குறிப்பதில்லை. மத்திய அசீரியச் சட்டத்தில், கணவனும் மாமனாரும் இறந்து, மகனும் இல்லாதவளே அல்மத்து. எபிரேய ‘யாதோம்’ என்பதும் தாய் உயிரோடிருக்கும் தகப்பனற்ற பிள்ளையைக் குறிக்கும். நம் ‘அநாதை’ நாதன் இல்லாதவர் என்னும் பொருளிலிருந்து வந்தது. பழைய தமிழ் வேதாகமத்தின் ‘திக்கற்ற பிள்ளை’ இன்னும் நெருக்கம். ஆள் இல்லாமையே இச்சொற்கள் எல்லாவற்றின் உட்கரு.)

நீதிமொழிகளிலும் அரசனின் கடமை மறைந்துவிடவில்லை. 31ஆம் அதிகாரத்தில் லெமுவேலின் தாய், வாய் பேச இயலாதவனுக்காக வாயைத் திற என்று மகனைப் பணிக்கிறாள். ஆனால் மேற்கண்ட பகுதிகளில் அரசன் இல்லை. ஏன்? இந்நூல்களின் ‘நீ’ யார் என்பதில் விடை இருப்பதாக நினைக்கிறேன். அந்த ‘நீ’ ஒருபோதும் விதவையோ அநாதையோ ஆவதில்லை. அதிகாரியின் பந்தியில் அமரவும், பிறருக்குப் பிணை நிற்கவும், நிலம் வாங்கவும் வாய்ப்புள்ள இளைஞன் அவன். அரசனின் நீதி அவன் கையால்தான் எழுதப்படப் போகிறது. அதனை எப்படி வளைப்பது என்று அவனுக்குத் தெரியும். அவனால் வளைக்க முடியாத ஒருவரைக் காட்டியே அவனை அச்சுறுத்த முடியும். எனவே மாணவியின் கேள்வியிலேயே விடை பாதி இருந்தது: எழுத்தர்களே கவரக்கூடியவர்கள் என்பதால்தான் எழுத்தர்களின் பாடநூலில் விதவையின் வயல் வருகிறது.

இதன் விலையையும் சொல்லியாக வேண்டும். பாதிக்கப்பட்டவரின் குரல் இங்கே கேட்பதில்லை. அவருக்கு ஆறுதலும் சொல்லப்படுவதில்லை. அவரைப் பற்றிப் பிறனுக்கு எச்சரிக்கை மட்டும் விடப்படுகிறது. எச்சரிக்கை பலிக்காவிட்டால் என்ன ஆகும்?

அதைக் கேட்கிறது யோபு. 24ஆம் அதிகாரம் எல்லைக்கற்களை நகர்த்துவோரிலிருந்தே தொடங்குகிறது. நீதிமொழிகளின் அதே வினைச்சொல். அநாதையின் கழுதையை ஓட்டிச் செல்கிறார்கள், விதவையின் மாட்டை அடகாகப் பிடிக்கிறார்கள், ஆடையற்றவர்கள் மழையில் பாறையை அணைத்துக்கொள்கிறார்கள். நகரத்திலிருந்து முனகல் எழுகிறது. கடவுள் அதனைக் குற்றமாக எண்ணவில்லை என்று 12ஆம் வசனம் முடிகிறது. அங்கே ‘குற்றம்’ என்று படிக்கப்படும் மெய்யெழுத்துகளுக்கு வேறு உயிர்க்குறி இட்டால் ‘மன்றாட்டு’ ஆகும். சிரியாக் மொழிபெயர்ப்பு அவ்வாறே கொண்டது. அப்படிப் படித்தால் கடவுள் மன்றாட்டைக் கேட்கவில்லை என்றாகும். எப்படிப் படித்தாலும், நீதிமொழிகள் வாக்களித்த வழக்காளி நீதிமன்றத்துக்கு வரவில்லை என்பதே யோபுவின் முறையீடு. அதைவிடக் கூர்மையானது, எலிப்பாசு அதே கோட்பாட்டை யோபுவுக்கு எதிராகத் திருப்புவது: நீ துன்பப்படுகிறாய், ஆகவே விதவைகளை நீ வெறுங்கையாய் அனுப்பியிருக்க வேண்டும் (22:9). எளியோரைக் காக்கப் பிறந்த வாக்கியம் துயரத்தில் கிடப்பவனை அடிக்கும் தடியாகிவிடுகிறது. இந்த ஆபத்தைத் தன் மரபுக்குள்ளேயே கண்டு எழுதியதற்காகவே யோபுவின் ஆசிரியரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பிரசங்கி இன்னும் சுருக்கமாக முடித்துவிடுகிறார். 4:1இல் ஒடுக்கப்பட்டோரின் கண்ணீரைக் காண்கிறார். தேற்றுவோர் இல்லை என்று ஒரே வசனத்தில் இருமுறை சொல்கிறார். கோஏல் என்னும் சொல் அவர் நூலில் ஓரிடத்திலும் இல்லை. கி.மு. 180ஐ ஒட்டி எழுதிய பென் சீராவோ பழைய நம்பிக்கைக்குத் திரும்புகிறார். விதவையின் கன்னத்தில் வழியும் கண்ணீரே அவளை அழவைத்தவனுக்கு எதிரான முறையீடு என்கிறார். ஆனால் 4:10இல் தம் மாணவனிடம், அநாதைகளுக்கு நீயே தந்தையாயிரு என்றும் சொல்லிவைக்கிறார்.

ஞான நூல்களில் கேட்காத குரலை வேறோர் இடத்தில் கேட்கலாம். 1960இல் யாவ்னே-யாமுக்குத் தெற்கே, கடலோரமாக உள்ள மெசாத் அசவ்யாகு கோட்டையில் கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த எழுத்துப் பொறித்த பானையோடு ஒன்று கிடைத்தது. அறுவடைக்காரன் ஒருவன் கோட்டை அதிகாரிக்கு அனுப்பிய முறையீடு அது. எழுத்தன் ஒருவன் எழுதிக் கொடுத்திருக்கலாம். அறுத்துச் சேர்த்து முடித்தபின் சோபாயின் மகன் ஓசயாகு என்பவன் தன் ஆடையைப் பறித்துக்கொண்டான், திருப்பித் தரச் செய்ய வேண்டும் என்று கேட்கிறான். அடகு வாங்கிய ஆடையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் யாத்திராகமச் சட்டம் நம் நினைவுக்கு வருகிறது. அவன் அதனைச் சொல்லவில்லை. கடவுளையும் அழைக்கவில்லை. வெயிலில் தன்னோடு அறுத்த சகோதரர்கள் எல்லாரும் தனக்காகச் சாட்சி சொல்வார்கள் என்கிறான். ஓட்டின் கடைசி வரிகள் சிதைந்திருக்கின்றன.

அடுத்த அமர்வில் அந்த ஓட்டையும் யோபு 24ஐயும் அருகருகே வைத்துப் படிப்பதாக இருக்கிறோம். கேள்வி எழுப்பிய மாணவியே தொடங்கி வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.