காலிடுக்கில் ஒரு வீணை

கண்ணமங்கலத்துல ராத்திரி பத்து மணிக்கு மேல, வேலூர் - திருவண்ணாமலை ரோட்டுல போற லாரி சத்தத்தைத் தவிர வேற ஒண்ணும் கேக்காது. அந்த நேரத்துல ஹெட்போனை மாட்டிக்கிட்டு பாக் கேக்கறது அடியேனோட பழக்கம். (சிரிக்காதீங்க மக்களே!) போன வாரம் சிக்கினது, வயோலா ட காம்பாவுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் அவர் எழுதின மூணு சொனாட்டாக்கள். கேட்டதும், வீணையை வில் போட்டு வாசிச்சா இப்படித்தான் இருக்குமோன்னு தோணிச்சு.

தோணினது ரொம்பத் தப்பில்லை. 'காம்பா'ன்னா இத்தாலிய மொழியில கால். ரெண்டு காலுக்கும் நடுவுல நிறுத்தி வில்லால வாசிக்கணும். ஆறு இல்லேன்னா ஏழு தந்தி. வயலின்ல இல்லாத ஒண்ணு இதுல உண்டு: வீணை மாதிரி மெட்டுகள், அதுவும் குடல் நரம்பால கட்டினது. ஹார்ப்சிகார்டு பார்க்க பியானோ மாதிரி இருந்தாலும் தந்தியை அடிக்காது, மீட்டும். இந்த சொனாட்டாக்கள்ல ஹார்ப்சிகார்டு வெறும் பக்கவாத்தியம் இல்லை. அதோட வலது கை காம்பாவுக்குச் சரிசமமா பதில் சொல்லிக்கிட்டே வரும்.

அப்புறம் ஏன் காம்பா காணாமப் போச்சு? அதோட குரல் மென்மை. அரண்மனை அறைக்குப் போதும். டிக்கெட் வாங்கிட்டு வர்ற கூட்டம் நிறைஞ்ச பெரிய கூடத்துக்குப் பத்தலை. அங்கே வயலின் குடும்பம் ஜெயிச்சது. காம்பாவின் கடைசிப் பெரிய வித்வான் கார்ல் ஃப்ரீட்ரிக் ஏபெல் 1787-ல் லண்டனில் இறந்தார். அதுக்கு முந்தின வருஷம், 1786-ல், இங்கே பிறந்தவர் முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர். சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கத்துக்கிட்டு, அதை நம்ம சங்கீதத்துக்குக் கொண்டு வந்தவர். மெட்டு இல்லாத கழுத்துல விரல் வழுக்கிப் போகும்; கமகத்துக்கு அது அல்வா மாதிரி!

ஆக, காம்பா தோத்தது தரத்துல இல்லை, சத்தத்துல. 1890-கள்ல ஆர்னால்ட் டோல்மெட்ச் அதைத் திரும்ப வாசிக்க வச்சார். எப்படி முடிஞ்சது? பழைய வாத்தியங்களும், எழுதி வச்ச தாள்களும் மிஞ்சியிருந்துச்சு.

இங்கதான் எனக்கு அடிவயித்துல பிசையுது. எங்க பக்கத்து தெருக்கூத்துல முகவீணை வாசிக்கற பெரியவர் ஒருத்தர்கிட்ட, "எங்கய்யா எழுதி வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவர் வீட்டுல அடுத்து வாசிக்க ஆளில்லை.

இந்த வருஷம் பாரதக் கூத்துக்கு ஒலிப்பதிவுக் கருவியோட போறதா இருக்கேன். உங்க ஊர்லயும் இப்படி யாராவது இருந்தா, தள்ளிப் போடாம ஒரு ராத்திரி பக்கத்துல போய் உக்காருங்க.