கூரையைக் கழற்றிய வீடு

 

கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். மரங்களுக்கு நடுவே ஒரு பெரிய கல் மாளிகை. முகப்பின் நடுவில் உருண்டையான கோபுரம். சுவரெல்லாம் அப்படியே நிற்கிறது. ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே வானம் தெரிகிறது. கீழே ஒரு கேள்வி: “சார், இது உலகப்போரில் குண்டு விழுந்து இப்படி ஆனதா, இல்லை தீப்பிடித்ததா?”

இரண்டும் இல்லை தம்பி. சொந்தக்காரரே கூரையைக் கழற்றிவிட்டார். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே போடுகிறேன்.

அந்த மாளிகையின் பெயர் டல்க்வாரன். ஸ்காட்லாந்தின் தென்மேற்கே அயர்ஷயர் பகுதியில், டெய்லி என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், கர்வன் ஆற்றின் கரையில் இருக்கிறது. வரைந்தவர் ராபர்ட் ஆடம். பிரிட்டனின் கட்டடக்கலை வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர். 1728-ல் பிறந்தவர். அப்பா வில்லியம் ஆடமும் பெரிய கட்டடக் கலைஞர்தான். மகன் இத்தாலிக்குப் போய் ரோமானியக் கட்டடங்களை அளந்து, வரைந்து, படித்துவிட்டு 1758-ல் திரும்பினார். 1792-ல் அவர் இறந்தபோது லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள் என்றால் அவருக்கு இருந்த மதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

டல்க்வாரனைக் கட்டச் சொன்னவர் தாமஸ் கென்னடி. அவர் மனைவி ஜீன், ராபர்ட் ஆடமின் அண்ணன் மகள். ஆக, இது சித்தப்பா வரைந்து கொடுத்த வீடு. 1785 வாக்கில் வரைபடம் தயாராகி, 1790 வாக்கில் கட்டி முடித்தார்கள்.

இப்போது படத்தை இன்னொரு தடவை பாருங்கள். உச்சியில் கோட்டை மதில் போலப் பல்வரிசை. மூலைகளில் சிறு கோபுரங்கள். பார்த்தால் போருக்குக் கட்டிய கோட்டை என்றுதான் தோன்றும். ஆனால் ஸ்காட்லாந்து மண்ணில் கடைசிப் பெரிய போரான கல்லோடன் நடந்தது 1746-ல். இந்த வீடு எழும்போது போர் முடிந்து நாற்பது வருடம் ஆகிவிட்டது. யாரும் அம்பு விடவும் இல்லை, யாரும் முற்றுகை போடவும் இல்லை. பழைய ஸ்காட்லாந்துக் கோட்டைகளின் தோற்றத்தை வெளியே காட்டி, உள்ளே ரோமானிய முறைப்படி அளவும் சீருமாக அறைகளை வைப்பது ஆடம் தன் கடைசிக் காலத்தில் விரும்பிச் செய்த பாணி. கோட்டை வேடம் போட்ட பங்களா என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜக் கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. கென்னடிகளின் 15-ஆம் நூற்றாண்டுக் கோபுரக் கோட்டை அது. புது வீடு வந்ததும் அது கைவிடப்பட்டது. இன்றைக்கு இரண்டுமே இடிபாடு.

இந்தக் கதையை இன்னொரு வீட்டோடு சேர்த்துப் பார்த்தால்தான் முழுசாகப் புரியும். டல்க்வாரனிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில், கடலோரப் பாறை உச்சியில் கல்லேன் கோட்டை இருக்கிறது. (எழுதும்போது நடுவில் ‘இசட்’ வரும், சொல்லும்போது வராது. ஆங்கில வகுப்பில் உங்களை நான் திட்டியதற்கெல்லாம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.) அதையும் வரைந்தவர் ராபர்ட் ஆடம்தான். கட்டச் சொன்னவரும் ஒரு கென்னடிதான், கேசிலிஸ் பிரபு டேவிட் கென்னடி. 1777-ல் வேலை தொடங்கி 1792 வரை நடந்தது. அங்கேயும் கோட்டை வேடம், கடலைப் பார்த்த உருண்டைக் கோபுரம், உள்ளே வட்டமான பெரிய அறை, நீள்வட்ட மாடிப்படி. அந்த மாடிப்படியைப் பார்க்கவே இன்றைக்கும் உலகெங்கிலுமிருந்து ஆட்கள் போகிறார்கள்.

ஒரே கலைஞர், ஒரே குலம், ஏறக்குறைய ஒரே காலம், ஒரே மழை, ஒரே காற்று. ஒன்று முழுசாக நிற்கிறது, மற்றொன்று எலும்புக்கூடு. ஏன்?

கல்லேனுக்கும் கஷ்டகாலம் வந்தது. 20-ஆம் நூற்றாண்டில் இத்தனை பெரிய வீடுகளை வைத்துக் காப்பாற்றுவது பெரும்பாலான குடும்பங்களுக்கு முடியாமல் போனது. நிலத்திலிருந்து வருமானம் குறைந்தது, வாரிசு வரி ஏறியது, வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. 1945-ல் அந்தக் குடும்பம் கல்லேனை ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளைக்குக் கொடுத்தது. கொடுக்கும்போது, மேல்மாடிப் பகுதியை அமெரிக்கத் தளபதி ஐசனோவருக்கு அவர் ஆயுள் உள்ளவரை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். போரில் அவர் செய்த பணிக்கு ஸ்காட்லாந்தின் நன்றி அது. பிறகு அவர் அமெரிக்க ஜனாதிபதியும் ஆனார். வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர் கிடைத்தார், பார்க்க வருகிறவர்களும் கிடைத்தார்கள்.

டல்க்வாரனுக்கு அப்படி யாரும் அமையவில்லை. 1880-81-ல் இரண்டு பக்கமும் புதிதாகக் கட்டிச் சேர்த்து வீட்டைப் பெரிதாக்கினார்கள். பெரிதாக்கினால் செலவும் பெரிதாகும் அல்லவா? 1930-களில் அது இளைஞர் விடுதியாக இருந்தது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் கிளாஸ்கோவிலிருந்து காதுகேளாத பிள்ளைகளின் பள்ளி ஒன்றை அங்கே மாற்றினார்கள். குண்டுக்குப் பயந்து வந்த பிள்ளைகளுக்கு நிழல் கொடுத்த கூரை அது.

அந்தக் கூரையைத்தான் 1967-ல் கழற்றினார்கள். காரணம் வரி.

அங்கே உள்ளூர் வரி கட்டடத்தின் மதிப்பை வைத்துப் போடப்பட்டது. கூரை இருந்தால் அது கட்டடம். கூரை இல்லாவிட்டால் குடியிருக்க முடியாது, எனவே வரியும் இல்லை. அந்த விதியை எழுதியவர்களுக்கு எந்த வீட்டையும் இடிக்கும் எண்ணம் இருந்திருக்காது. ஆனால் காலியாகக் கிடக்கும் பெரிய வீட்டுக்கு வரியும் கட்டி, பழுதும் பார்க்க வேண்டியவரின் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். கூரையைப் பிரித்தால் வரி மிச்சம். ஓட்டுக்குப் பதிலாகப் போட்டிருந்த ஸ்லேட் கல்லும் ஈயத் தகடும் விற்றால் காசு. ஸ்காட்லாந்தில் பல மாளிகைகள் இப்படித்தான் மொட்டையாயின. அரசின் முன் அனுமதி இல்லாமல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களை இடிக்கவோ மாற்றவோ கூடாது என்று ஸ்காட்லாந்தில் சட்டம் இறுகியது 1969-ல். டல்க்வாரனுக்கு அது இரண்டு வருடம் பிந்திவிட்டது.

கூரை போனால் என்ன, கல் சுவர்தானே, நிற்காதா என்று கேட்பீர்கள். இரண்டு பக்கமும் செதுக்கிய கல் இருக்கும். நடுவில் சின்னச் சின்னக் கல்லும் சுண்ணாம்புக் கலவையும் நிரப்பியிருப்பார்கள். சுவரின் தலைப்பகுதியைக் கூரைதான் மூடி வைத்திருக்கிறது. அது திறந்துவிட்டால் மழை நேராக நடுவில் இறங்கும், சுண்ணாம்பைக் கரைக்கும். குளிர்காலத்தில் உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து விரியும், கல்லைப் பிளக்கும். உத்தரங்கள் உளுத்துத் தளங்கள் விழும். விழுந்த தளத்தோடு, பூவேலை செய்த சாந்துப் பூச்சும் போகும். பிறகு பறவை போட்ட விதை முளைத்து வேர் விடும். டல்க்வாரனின் உள்பகுதி முழுவதும் இப்படித்தான் போயிற்று. நடுக்கூடத்தில் வட்டமாகச் சுற்றி ஏறிய மாடிப்படி இருந்த இடத்தில் இன்றைக்கு இடிந்த கற்களும் செடிகளும்தான். அதை ஓட்டலாக மாற்றலாம் என்று பிற்பாடு திட்டங்கள் வந்தன. இன்றுவரை கூரை வரவில்லை.

கட்ட ஐந்தாறு வருடம் ஆனது. நூற்று எழுபது வருடத்துக்கு மேல் அது வீடாக இருந்தது. அதை இல்லாமல் ஆக்க ஒரு வரிச்சீட்டு போதுமாக இருந்தது. அந்தச் சொந்தக்காரரை நான் திட்டப் போவதில்லை. விதி எதற்குப் பரிசு கொடுக்கிறதோ, மனிதர்கள் அதைத்தான் செய்வார்கள். காப்பாற்றியவருக்கு அபராதம், பிரித்தவருக்குச் சலுகை என்று கணக்கு இருந்தால் கூரை எப்படி நிற்கும்?

உங்களில் சிலர் இன்று வருவாய்த் துறையில் இருக்கிறீர்கள், சிலர் நகராட்சியில், சிலர் பொறியாளர்கள். நாளைக்கு ஒரு விதி எழுதும் இடத்தில், அல்லது ஒரு கோப்பில் கையெழுத்துப் போடும் இடத்தில் உட்காரும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதைப் படித்துவிட்டு ஒரு சாதாரண மனிதர் வீட்டுக்குப் போய் எதைக் கழற்றுவார்?

படம் அனுப்பிய தம்பிக்கு: அடுத்த முறை போனால் வேலிக்கு வெளியிலேயே நின்று பார். சுவர் இனி எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. அப்படியே கல்லேனுக்கும் போய், அந்த மாடிப்படியை மேலேயிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்