கோப்பி இலையில் தொடங்கிய கதை

இலையைப் போனில் படம்பிடித்தால் என்ன நோய் என்று சொல்லும் செயலிகள் இப்ப நிறைய இருக்கு. "இனி விவசாயிக்குக் கவலையில்லை" என்ற பேச்சும் கூடவே வருகிறது. இலையைப் பார்த்து நோயைக் கண்டுபிடித்ததில் இலங்கைக்கும் ஒரு பழைய அனுபவம் உண்டு.

1869இல் மலைநாட்டுக் கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் படிந்தது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசு ஆய்வாளர் பேர்க்லி அதே ஆண்டிலேயே அந்தப் பங்கசுவுக்கு 'ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார். அடையாளம் காண ஒரு வருசம்கூட எடுக்கவில்லை.

பிறகு என்ன நடந்தது? கோப்பிக்கு நல்ல விலை இருந்ததால் துரைமார் மேலும் மேலும் காடழித்துக் கோப்பியே நட்டார்கள். 1880இல் ஆய்வுக்கு வந்த மார்ஷல் வார்ட், வித்திகள் காற்றில் பரவி இலைவாய் வழியாக உள்ளே நுழைவதைக் காட்டினார். தூள் கண்ணுக்குத் தெரியும்போது இலைக்குள் நோய் வேரூன்றி வாரக்கணக்காகிவிடும். மலை முழுக்க ஒரே பயிர் என்பதால் அதைத் தடுக்க வழியிருக்கவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கோப்பிக் காலம் முடிந்தது, தேயிலை வந்தது. துரைமார் பலர் முறிந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து கோப்பி பறிக்க வந்த தொழிலாளர் பலருக்குச் சம்பளப் பாக்கிகூடக் கிடைக்கவில்லை.

இனி கணினியின் கதை. 2016இல் மொஹந்தி, ஹியூஸ், சலத்தே ஆகிய மூவரும் 'பிளாண்ட்வில்லேஜ்' தொகுப்பின் 54,306 இலைப்படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கினார்கள். 14 பயிர்கள், 26 நோய்கள். துல்லியம் 99.35 வீதம்! செய்திகளில் அடிக்கடி வருவது இந்த எண்தான். வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அது 31 வீதமளவுக்கு விழுந்ததையும் அதே கட்டுரையில் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

ஏன் இப்படி? அந்தப் படங்களில் பறித்த இலைகள் ஒவ்வொன்றாக, வெறும் பின்னணியில் கிடந்தன. 2022இல் நோயன் என்ற ஆய்வாளர் பின்னணியிலிருந்து வெறும் 8 புள்ளிகளை மட்டும் கணினிக்குக் கொடுத்துப் பார்த்தார். அப்பவும் 49 வீதம் சரியாகச் சொன்னது. இலையைப் பார்க்காமலே இவ்வளவு! வெயில், நிழல், மண், ஒன்றோடொன்று பின்னிய இலைகள் உள்ள வயலில் இந்தக் குறுக்குவழி உதவாது. இதனால்தான் ஆபிரிக்காவில் மரவள்ளி நோய்களுக்காகச் செய்த 'நூரு' செயலியைத் தான்சானியா வயல்களிலேயே எடுத்த படங்களால் பழக்கினார்கள். இணையம் இல்லாமலும் அது வேலை செய்யும்.

நம்மூரிலும் இப்படியான செயலிகள் வரும், வரட்டும். ஆனால் படங்கள் எந்த வயலில் எடுத்தவை என்று முதலில் கேட்போம். நோயின் பெயர் தெரிந்த பிறகு ஆலோசனை சொல்ல யார் வருவார், அழிந்த பயிருக்கு யார் பொறுப்பு என்றும் கேட்க வேண்டும். 1869இல் நோயின் பெயர் உடனே கிடைத்தது, இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் இருக்கவில்லை.