கொல்லைக் கத்தரியும் பட்டணக்கரைக் கதையும்



இன்றைக்குப் புது ரகத்தைப் பற்றியோ புது உரத்தைப் பற்றியோ பேசப் போவதில்லை. நம் எல்லோருக்கும் தெரிந்த கத்தரிக்காயின் பழைய கதையைச் சொல்லப் போகிறேன். கத்தரிக்காய்க்கு என்னய்யா சரித்திரம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதிலும் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் வடசென்னைக் கடற்கரையில் அந்தச் சரித்திரத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

சில மாதங்களுக்கு முன் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தெருவுக்குப் போயிருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள், வாசலோரத்தில் கையகல மண்ணில் நாலு கத்தரிச்செடி வைத்திருந்தார். செடிகள் நன்றாகவே காய்த்திருந்தன. "எங்க மாமியார் காலத்துல கொல்லை முச்சூடும் கத்தரியும் அவரையும்தான் சார். இப்ப இந்த மண்ணுல வெளஞ்சதத் தின்னலாமா, கூடாதான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. நாம் வளர்த்த காயை நாமே தின்னலாமா என்று ஒரு குடும்பம் கேட்கும் நிலை எப்படி வந்தது? அதை முதலில் பார்ப்போம்.

கத்தரி நம் நாட்டுப் பயிர். பழைய தமிழில் இதற்கு வழுதுணை என்று பெயர். இங்கிருந்து பாரசீகம் போய், அரேபியர் கை மாறி, ஸ்பெயின் வரைக்கும் போயிற்று. நம் ஊர் இங்கிலீஷில் சொல்லும் பிரிஞ்சால் என்ற சொல்கூட போர்த்துக்கீசியர் மூலமாக வந்ததுதான். ஊரெல்லாம் சுற்றிய காயானாலும் நம் வீடுகளில் அதற்கு ஒரே இடம்தான். கிணற்றடி. குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் பாயும் இடத்தில் பத்துச் செடி நிற்கும். குழம்புக்கு உலை வைத்துவிட்டுப் போய்ப் பறித்து வருவார்கள்.

1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் பாதை அதுதான். ரயில் வந்த பிறகு தூரத்து ஊர்ச் சரக்கு பட்டணம் வந்து சேருவது எளிதாயிற்று. பக்கத்திலேயே கொத்தவால் சாவடி. 1996-இல் கோயம்பேட்டுக்கு மாறும் வரையில் பட்டணத்தின் காய்கறி மொத்த வியாபாரம் அங்கேதான் நடந்தது. கடையில் காய் கிடைத்தால் கொல்லையில் எதற்கு என்ற எண்ணம் மெதுவாக வந்தது.

ஆனால் வண்டியும் கப்பலும் நின்றால் என்ன ஆகும்? 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். பர்மா அரிசி வருவது நின்றது. அடுத்த மாதமே, குண்டு விழும் என்று பயந்து சென்னை ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். உணவு உற்பத்தியைப் பெருக்குங்கள் என்ற இயக்கம் நாடு முழுக்க வந்தது அந்த வருஷத்தில்தான். இங்கிலாந்திலும் யுத்தகாலத்தில் பூந்தோட்டங்களைக் கொத்திக் காய்கறி போட்டார்கள். கஷ்டம் வரும்போதுதான் கொல்லையின் அருமை தெரிகிறது.

யுத்தம் முடிந்தது. தொழிற்சாலைகள் வந்தன. எண்ணூரில் மோட்டார் தொழிற்சாலை தொடங்கியது. 1969-இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு, 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1971-இல் மணலி உரத் தொழிற்சாலை. இவை வேண்டாதவை என்று நான் சொல்ல மாட்டேன். மணலி யூரியாவை நம்மில் எத்தனையோ பேர் வயலில் போட்டிருக்கிறோம். ஆயிரமாயிரம் குடும்பங்கள் அந்தத் தொழிற்சாலைகளால் சோறு தின்றன.

ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. 1960-களின் பிற்பகுதியிலிருந்து ஆலைகளுக்கும் நகரத்துக்குமாக மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரை இறைத்தார்கள். நல்ல தண்ணீர் இறங்கிய இடத்தில் கடல் நீர் ஏறிற்று. கடலை விட்டுப் பல மைல் தள்ளியிருந்த கிணறுகள்கூட உப்புக் கரித்தன. எண்ணூரில் நிலக்கரிச் சாம்பல் ஓடையிலும் உப்பங்கழியிலும் படிந்தது. அந்தப் பழைய அனல்மின் நிலையத்தை 2017-இல் மூடிவிட்டார்கள். படிந்த சாம்பல் அதோடு போய்விடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்ததைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த அம்மாள் கேட்ட கேள்வி இவ்வளவு தூரத்திலிருந்து வந்த கேள்வி.

அவருக்கு நான் சொன்ன பதில் இதுதான். எண்ணெய் வெள்ளம் நின்ற மண்ணிலும், ஆலைச் சாம்பல் கொட்டிய மண்ணிலும் நேராகச் செடி வைக்க வேண்டாம். சாம்பலிலும் எண்ணெய்க் கழிவிலும் ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கக்கூடும். காயைவிடக் கீரையிலும் கிழங்கிலும் அவை அதிகம் சேரும். ஆகவே அந்த மண்ணில் கீரை கூடவே கூடாது. மண்ணைப் பரிசோதித்துப் பார்க்கும் வரையில் தொட்டிதான் நல்லது. ஓர் அடிக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டியோ சாக்கோ எடுத்து, சுத்தமான இடத்துச் செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் கலந்து நிரப்புங்கள். பெயிண்டு, அமிலம், மருந்து வைத்திருந்த டப்பாவும் டிரம்மும் ஆகாது. உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாமல் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

செடி வளர்ப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். நாற்று 30, 35 நாள் ஆனதும் எடுத்து நட வேண்டும். தரையில் என்றால் செடிக்குச் செடி இரண்டடி, தொட்டிக்கு ஒரே செடி. நுனிக்குருத்து வாடித் தொங்கினால் உள்ளே தண்டுப்புழு இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குருத்தை அன்றைக்கே கிள்ளி அழித்துவிடுங்கள். ஓட்டை விழுந்த காயையும் அப்படியே செய்யுங்கள். ஏக்கர் கணக்கில் போட்டவர் இந்தப் புழுவுக்காகத்தான் திரும்பத் திரும்ப மருந்து அடிக்கிறார். பத்துச் செடிக்குக் காலையில் ஒரு நடை போய்ப் பார்த்தாலே போதும்.

நட்ட இரண்டு மாதத்தில் பறிப்பு தொடங்கும். தோல் பளபளப்பாக இருக்கும்போது, காம்போடு கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். பிடித்து இழுத்தால் கிளை முறியும். தோல் மங்கிவிட்டால் விதை முற்றிவிட்டது, காய் கசக்கும். நாலைந்து நாளுக்கு ஒரு முறை பறித்தால்தான் அடுத்த பூ நிற்கும். நல்ல செடியில் ஒரு காயை மட்டும் மஞ்சளாகப் பழுக்க விட்டு, விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி வையுங்கள். நாட்டு ரகமாக இருந்தால் அடுத்த பட்டத்துக்கு விதை வீட்டிலேயே இருக்கிறது. வேலூர் முள்ளுக்கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உழவர்கள் அந்த விதையை விடாமல் காப்பாற்றி வந்ததால்தான் அந்தப் பெருமை வந்து சேர்ந்தது.

கடைசியாக ஒரு வார்த்தை. பட்டணத்துக்காரர் கொல்லை போனது அவர் கையில் இல்லை. மண்ணும் தண்ணீரும் போயின, கொல்லையும் போயிற்று. நமக்கு இரண்டும் இன்னும் இருக்கின்றன. இருந்தும், நாலு ஏக்கர் வைத்திருப்பவர் சந்தையில் நின்று அரைக்கிலோ கத்தரிக்காய் வாங்குவதைப் பார்க்கிறேன். கிணற்றடியைச் சிமென்டு போட்டு மூடிவிட்டோம். மருந்து டப்பாவை அங்கேயே கழுவுகிறோம். அந்த அம்மாள் கேட்ட கேள்வியை நம் வீட்டுப் பேரப்பிள்ளைகள் கேட்கும்படி வைத்துவிடாதீர்கள். இந்த ஆடியில் பத்து நாற்று கொல்லையில் ஊன்றுங்கள்.

அந்த அம்மாள் இப்போது நாலு தொட்டி வைத்திருக்கிறார். முதல் பறிப்பு வந்துவிட்டதாம். போகும்போது எனக்கும் ஒரு கை கத்தரிக்காய் தருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.